வேலையை நிறுத்தும் அதிகாரம்

தொல்காப்பியத்தின் ஒரே நூற்பாவுக்கு இளம்பூரணர் ஒரு பொருள் கூறுவார். பின்வந்த நச்சினார்க்கினியர் வேறொரு பொருள் கூறுவார். நூற்பா ஒன்று, உரை இரண்டு. உரையாசிரியர்கள் முரண்பட்டால் பரீட்சைக்குப் படிக்கும் மாணவனுக்குச் சிறிது தலைவலி நேரும். வேறு தீங்கு எதுவும் விளையாது. ஆனால், நூற்பாவைப் போலவே சுருங்கிய சொற்களால் எழுதப்பட்டு, உரை காண்போரின் நோக்கத்துக்கேற்பப் பொருள் மாறுகின்ற வேறோர் எழுத்தும் உலகில் உண்டு. கட்டட வேலைத்தலங்களின் வாயிலிலே பலகையில் எழுதித் தொங்கவிடப்படும் பாதுகாப்பு விதிகளையே குறிப்பிடுகின்றோம். ஆபத்து நேருமெனத் தோன்றினால் வேலையை நிறுத்துக என்பது அத்தகைய விதிகளுள் ஒன்று. எது ஆபத்து? யாருக்குத் தோன்ற வேண்டும்? நிறுத்த வேண்டியவர் யார்? நிறுத்திய நேரத்துக்குக் கூலி கொடுப்பவர் யார்? இவற்றுக்கு விதி விடை கூறுவதில்லை. உரையே விடை கூறுகின்றது. அவ்வுரையை எழுதுபவரோ பெரும்பாலும் வேலை முடியவேண்டிய தவணையையும் செலவுக் கணக்கையும் தலையிற் சுமந்து நிற்பவர்.

விதி என்ற நமது சொல்லும் விசித்திரமானது. அது சட்டத்தையும் குறிக்கும், தலையெழுத்தையும் குறிக்கும். சாரக்கட்டிலிருந்து விழுந்து ஒருவன் இறந்தால், ‘அவன் விதி’ என்று கூறி அப்பாற் செல்கின்றோம். எந்த விதி என்று கேட்பார் அரிது. இக்கேள்வியை மனத்திற்கொண்டு மூன்று வேலைத்தலங்களின் வரலாற்றை இங்கே ஆராய முற்படுகின்றோம். ஒன்று இங்கிலாந்திலும், மற்றொன்று கனடாவிலும், பிறிதொன்று அவுஸ்திரேலியாவிலும் அமைந்தவை. ஒன்றையொன்று கண்டிராத மனிதர்களின் கதைகள் இவை. மூன்றுமே அரச விசாரணைக்கு உட்பட்டனவாதலின், யார் எதை அறிந்திருந்தார், அறிந்தும் என்ன செய்தார் என்பன சாட்சியங்களாகப் பதிவு பெற்றுள்ளன. சாதாரணத் தொழிலாளரின் மரணங்களுக்கு இவ்வாறு சாட்சியம் கிடைப்பது வரலாற்றில் அபூர்வம்.

மஞ்செஸ்டர் நகரையும் ஷெபீல்ட் நகரையும் புகையிரதப் பாதையால் இணைப்பதற்குப் பெனைன் மலைத்தொடர் குறுக்கே நின்றது. உட்ஹெட் என்னுமிடத்தில் அம்மலையைக் குடைந்து மூன்று மைல் நீளமான சுரங்கவழி ஒன்று அமைக்கப்பட்டது. 1830களின் இறுதியில் தொடங்கிய வேலை 1845ஆம் ஆண்டின் இறுதியில் முடிவடைந்தது. வேலை மும்முரமாக நடந்த காலத்தில் ஏறத்தாழ 1500 பேர் அம்மலையிலே வாழ்ந்தனர். கல்லையும் மண்ணையும் அடுக்கிப் புதர்ச்செடிகளால் வேய்ந்த குடிசைகளே அவர்களுடைய உறைவிடங்கள். கூலி கிடைப்பதோ பல வாரங்களுக்கு ஒருமுறை. அதுவரை சாப்பாட்டுக்குக் கொந்தராத்துக்காரரோடு தொடர்புள்ள கடையிலே கூடிய விலைக்குக் கடன். மலையகத்தின் கங்காணிக் கடனைப் பற்றி அறிந்தவர்களுக்கு இதனை மேலும் விளக்க வேண்டியதில்லை.

அங்கே பாறையை உடைக்கும் முறை இது: பாறையில் துளையிட்டு, வெடிமருந்தை நிரப்பி, அதன்மேல் களிமண்ணை இட்டு, ஒரு கோலினால் இடித்து இறுக்குவர். பின்னர் திரிக்கு நெருப்பு வைப்பர். இடிக்கும் கோல் இரும்பாயின், அது பாறையில் உராய்ந்து தீப்பொறி எழும். மருந்து இடிப்பவன் முகத்திலேயே வெடிக்கும். கோல் செம்பாயின் பொறி எழாது. இது அன்று எவருக்கும் தெரியாத இரகசியமன்று. சுரங்கத் தொழிலை அறிந்தோர் அனைவரும் அறிந்த செய்தி. ஆயினும் செம்பு மென்மையானது, விரைவில் வளைந்து தேயும், விலையும் அதிகம். எனவே உட்ஹெட்டில் இரும்புக் கோல்களே வழங்கின. திரியின் கதையும் இதுவே. கோண்வாலைச் சேர்ந்த வில்லியம் பிக்போர்ட் 1831ஆம் ஆண்டிலேயே சீராக எரியும் காப்புத் திரியைக் கண்டுபிடித்திருந்தார். ஆனால் அதனைப் பயன்படுத்தினால் நேரம் கூடுதலாகச் செல்லும் எனக் கருதப்பட்டது.

வேலை முடிந்தபோது, தொழிலாளருக்கு வைத்தியம் செய்த வைத்தியரின் குறிப்புகளிலிருந்து கணக்கு எடுக்கப்பட்டது. இறந்தோர் 32 பேர். எலும்பு முறிந்து தசையைக் கிழித்து வெளிவந்த நிலையினர் 23 பேர். சாதாரண எலும்பு முறிவு 74. தீக்காயம், நசுக்குண்டமை முதலிய கடுங்காயங்கள் 140. சிறு காயங்கள் நூற்றுக்கணக்கில். பொதுச் சுகாதாரச் சீர்திருத்தத்தால் பெயர்பெற்ற எட்வின் சாட்விக் இக்கணக்கைக் கையிலெடுத்தார். வேலையாட்களில் நூற்றுக்கு மூவருக்கு மேல் இறந்துள்ளனர் என்றும், வாட்டர்லூப் போர்க்களத்தில் இறந்த போர்வீரரின் விகிதம் நூற்றுக்கு இரண்டளவே என்றும் அவர் எடுத்துக்காட்டினார். போர்க்களத்தைவிட மலைக்குகை ஆபத்தானது என்ற ஒப்புமை 1846ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நடுத்தர வர்க்கத்தைச் சற்றே உறுத்தியது. பாராளுமன்றம் புகையிரதப் பாதைத் தொழிலாளரின் நிலையை விசாரிக்கத் தெரிகுழு ஒன்றை நியமித்தது.

அக்குழுவின் முன் உட்ஹெட்டின் துணைப் பொறியியலாளர் வெலிங்டன் பேர்டன் அளித்த சாட்சியம் தொழிலாளர் வரலாற்றில் அடிக்கடி எடுத்தாளப்படுவது. காப்புத் திரி அதிக பாதுகாப்பானதல்லவா என்று அவரிடம் வினவப்பட்டது. அவ்வாறு இருக்கலாம் என்று அவர் ஒப்புக்கொண்டார். ஆயினும் அதனால் நேரம் இழக்கப்படுகிறது என்றும், வேறுபாடு மிகச் சிறிதே என்றும், அதனாற் காப்பாற்றப்படக்கூடிய உயிர்கள் அனைத்தையும் முன்னிட்டும் அந்த நேர இழப்பைத் தாம் சிபாரிசு செய்யமாட்டார் என்றும் விடை பகர்ந்தார்.

இச்சாட்சியத்தை எடுத்துக்காட்டுவோர் பலரும் பேர்டனை ஒரு கொடியவராகச் சித்திரித்து அத்துடன் நிறுத்திவிடுகின்றனர். இஃது எளிதான தீர்ப்பு; ஆகவே நாம் இதனை ஏற்கத் தயங்குகின்றோம். கொடியவர் சாட்சிக்கூண்டிலே இவ்வளவு வெளிப்படையாகப் பேசமாட்டார். அவர் தமது பதவியின் கணக்கைச் சொன்னார், அவ்வளவே. நேரம் என்ற பகுதியில் ஒரு தொகையும், உயிர் என்ற பகுதியில் வெறும் பூச்சியமும் எழுதப்பட்ட கணக்குப் புத்தகம் அவருடைய கையில் இருந்தது. இறந்தவனுக்காகக் கம்பனி எதுவும் கொடுக்க வேண்டியதில்லை எனச் சட்டம் கூறியபோது, அந்தப் பூச்சியத்தை எழுதியவர் பேர்டன் அல்லர். அதே குழுவின் முன் தோன்றிய புகழ்பெற்ற பொறியியலாளர் புரூணெலிடம், அவருடைய மேற்குப் புகையிரதப் பாதை வேலையில் காயமுற்றுப் பாத் நகர வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்ட 131 பேரின் பட்டியல் காட்டப்பட்டது. வேலையின் பெருமையையும் பயன்படுத்திய வெடிமருந்தின் அளவையும் நோக்க இத்தொகை சிறியதே என்பது அவர் கருத்தாயிருந்தது. இவரைக் கொடியவர் என்று எவரும் சொல்வதில்லை. இங்கிலாந்தில் இவருக்குச் சிலைகள் உண்டு.

தெரிகுழு நல்ல சிபாரிசுகளைச் செய்தது. விபத்துகளுக்குக் கம்பனிகளையே பொறுப்பாக்க வேண்டும் என்பது அவற்றுள் தலையாயது. பிரான்சிலே பாதை அமைக்கச் சென்ற இங்கிலாந்துத் தொழிலாளர் அந்நாட்டுச் சட்டத்தின்படி நட்டஈடு பெற்றனர் என்ற சாட்சியமும் குழுவின் முன் இருந்தது. பாராளுமன்றம் அறிக்கையை விவாதத்துக்கே எடுக்கவில்லை.

இவ்விடத்தில் ஒரு வழக்கைக் குறிப்பிடுதல் அவசியம். 1837ஆம் ஆண்டில் இறைச்சிக் கடைக்காரர் ஒருவரின் வேலையாள், அளவுக்கு மிஞ்சிய பாரம் ஏற்றிய வண்டி உடைந்து தொடையெலும்பு முறிந்து, எசமானர்மீது வழக்குத் தொடர்ந்தான். பிரீஸ்ட்லி எதிர் பௌலர் என அறியப்படும் அவ்வழக்கின் மேன்முறையீட்டில் அவன் தோற்றான். நீதிமன்றம் கூறிய காரணங்களுள் ஒன்று நாம் ஊன்றி நோக்கத்தக்கது. தனக்குத் தீங்கு நேருமென நியாயமாக அஞ்சும் வேலையைச் செய்ய வேலையாள் கட்டுப்பட்டவனல்லன். அவன் மறுத்திருக்கலாம் என்பதே அக்காரணம். அதாவது, வேலையை நிறுத்தும் அதிகாரம் தொழிலாளிக்கு முதன்முதலில் வழங்கப்பட்டது அவனைக் காப்பதற்காகவன்று. அவனுக்கு நட்டஈட்டை மறுப்பதற்காக! மறுத்தால் அன்றிரவு அடுப்பெரியாது என்பது நீதிபதிக்குத் தெரியாதிருக்க நியாயமில்லை. இவ்வுரை ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் கோலோச்சியது.

1880ஆம் ஆண்டின் சட்டம் இதனைச் சிறிது தளர்த்தியது. 1897ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம், எசமானரின் பிழையை நிரூபிக்காமலே நட்டஈடு பெறும் வழியைத் திறந்தது. பெரும் முன்னேற்றந்தான். ஆனால் கட்டடத் தொழிலாளியைப் பொறுத்தமட்டில் அச்சட்டத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. கட்டடம் 30 அடிக்கு மேல் உயர்ந்ததாக இருத்தல் வேண்டும். சாரக்கட்டுக் கொண்டேனும் யந்திர வலுக்கொண்டேனும் அதன் வேலை நடைபெறுதல் வேண்டும். இனி உரையாசிரியர்களின் காலம் தொடங்கியது. முப்பதடியை எங்கிருந்து அளப்பது? கட்டி முடிந்தபின் இருக்கப்போகும் உயரமா, விபத்து நேர்ந்த நாளில் இருந்த உயரமா? ஏணி சாரமாகுமா? இரு தாங்கிகளின் மேற் கிடத்திய பலகை சாரமாகுமா? கைம்பெண்ணுக்குப் பணம் உண்டா இல்லையா என்ற கேள்வி, பலகைக்கும் சாரத்துக்கும் உள்ள இலக்கண வேறுபாடாக நீதிமன்றங்களில் வாதிக்கப்பட்டது. 1906ஆம் ஆண்டின் சட்டம் இந்த எல்லைகளை நீக்கிப் பெரும்பாலான தொழில்களுக்கும் பாதுகாப்பை விரித்தபின்னரே இவ்வாதங்கள் ஓய்ந்தன. இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் இருபத்தெட்டடிச் சுவரிலிருந்து விழுந்தவர்கள் சட்டத்தின் கண்ணுக்குப் புலப்படாதவர்கள்.

இதுகாறும் கூறியவற்றில் எசமானர் ஒருபுறமும் தொழிலாளி மறுபுறமும் தெளிவாகத் தெரிகின்றனர். இருபதாம் நூற்றாண்டின் பெரும் வேலைத்தலங்களில் இத்தெளிவு மறைந்து விடுகின்றது. கம்பனி, கொந்தராத்துக்காரர், ஆலோசகர், மேற்பார்வையாளர், பரிசோதகர் எனப் படிகள் பெருகுகின்றன. படிகள் பெருகும்போது விதிகளும் பெருகுகின்றன. ஆனால் பொறுப்பு எந்தப் படியில் நிற்கிறது என்பது தெரியாமற் போகின்றது. கனடாவின் கியூபெக் பாலம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. இதனைச் சற்று விரிவாகவே நோக்குவோம்.

கியூபெக் நகருக்கு அருகே செயின்ட் லோறன்ஸ் ஆற்றின் குறுக்கே உருக்குப் பாலம் ஒன்று திட்டமிடப்பட்டது. பாலக் கம்பனியின் பிரதம பொறியியலாளர் எட்வேர்ட் ஹோர். இத்தகைய பெரும் பாலம் எதனையும் கட்டிய அனுபவம் அவருக்கில்லை. ஆகவே நியூயோர்க்கில் வாழ்ந்த தியோடர் கூப்பர் என்ற முதுபெரும் பாலப் பொறியியலாளர் ஆலோசகராக அமர்த்தப்பட்டார். உருக்கை வார்த்துப் பொருத்தும் கொந்தராத்து, பென்சில்வேனியாவிலிருந்த பீனிக்ஸ் பாலக் கம்பனிக்கு. நடு இடைவெளி 1600 அடியாக இருந்ததைக் கூப்பர் 1800 அடியாக நீட்டினார். ஸ்கொத்லாந்தின் போர்த் பாலத்து இடைவெளி 1710 அடி. எனவே புதிய பாலம் அவ்வகையில் உலகிலேயே பெரிதாயிற்று. நீட்டியபின் பாலத்தின் சொந்தப் பாரத்தை மீண்டும் கணித்திருக்க வேண்டும்; முறையாகக் கணிக்கவில்லை. உண்மையான பாரம் மதிப்பீட்டைவிடப் பல மில்லியன் இறாத்தல் கூடியது என்பது பின்னர் தெரியவந்தபோது, உருக்கின் பெரும்பகுதி தயாராகிவிட்டது. அதனைத் தாங்கும் எனக் கூப்பர் தீர்மானித்தார். தமது கணக்கை அரசாங்கப் பொறியியலாளர் ஒருவர் சரிபார்ப்பதையும் அவர் முன்னரே விரும்பவில்லை. அது தம்மைக் கீழ்ப்பட்டவராக்கும் என எண்ணினார். முதுமையும் நோயும் காரணமாக, உருக்கு வேலை நடந்த ஆண்டுகளில் அவர் பாலத்தைச் சென்று பார்க்கவில்லை. நோர்மன் மக்லூர் என்ற இளம் பொறியியலாளர் அவருடைய கண்ணாக அங்கே நின்றார்.

1907ஆம் ஆண்டுக் கோடையில் பாலத்தின் கீழ்ப்புற உருக்குத் தண்டுகள் வளையத் தொடங்கின. ஓகஸ்ட் மாதத் தொடக்கத்தில் மக்லூர் அளந்து எழுதினார். எப்படி வளைந்தது என்று கூப்பர் கேட்டார். பட்டறையிலிருந்து வரும்போதே வளைந்திருந்தது எனப் பீனிக்ஸ் கம்பனி கூறியது. கடிதங்கள் தபாலிற் போயின, வந்தன. பாலத்தின் நீளம் நாள்தோறும் ஆற்றின்மேல் நீண்டுகொண்டிருந்தது. ஓகஸ்ட் 27ஆந் திகதி அளந்தபோது, ஒரு தண்டில் முக்கால் அங்குலமாக இருந்த வளைவு சில நாட்களுள் இரண்டேகால் அங்குலமாகி இருந்தது. பட்டறையில் ஏற்பட்ட வளைவு பாலத்தில் நின்று வளராது என்பதைப் புரிந்துகொள்ளப் பட்டம் வேண்டியதில்லை.

இவ்வேளையில் நிகழ்ந்ததே நம் ஆய்வுக்கு முக்கியமானது. வேலைத்தலத்தின் தலைமை மேற்பார்வையாளர் பென்யமின் யென்சர், வேலையை மேலே கொண்டு செல்வதில்லை என முதலில் தீர்மானித்தார். மறுநாள் மனம் மாறி வேலையைத் தொடரச் செய்தார். இம்மாற்றத்துக்கான காரணத்தை ஹோர் கூப்பருக்கு எழுதிய கடிதத்திற் காண்கின்றோம். வேலையை நிறுத்தினால் அனைவரின் மனத்திலும் தீய விளைவு உண்டாகும். ஆட்கள் விலகிச் சென்று அந்தப் பருவத்து வேலையே நின்றுபோகவுங் கூடும் என்பதே அக்காரணம். சுருங்கச் சொன்னால், பாலம் ஆபத்திலிருக்கிறது என்பதைத் தொழிலாளர் அறிந்துவிடக்கூடும் என்பதே, வேலையை நிறுத்தாமைக்குக் காரணமாயிற்று. விதியின் பொருள் இங்கே முழுமையாகத் தலைகீழாகிறது. ஆயினும் யென்சர் மேசையின் முன்னிருந்து கட்டளையிட்டவரல்லர். தாமும் பாலத்திலேயே நின்றார், பாலத்துடனேயே மாண்டார்.

தபாலை நம்பாது மக்லூரையே ஹோர் நியூயோர்க்குக்கு அனுப்பினார். ஓகஸ்ட் 29ஆந் திகதி முற்பகலில் அவர் கூப்பரைக் கண்டார். கூப்பர் உடனே தந்தியடித்தார். உண்மைகளை ஆராயும்வரை பாலத்தின்மேல் மேலும் பாரம் ஏற்ற வேண்டாம் என்பது தந்தியின் பொருள். ஆனால் அது கியூபெக்குக்குச் செல்லவில்லை. பென்சில்வேனியாவிலிருந்த கம்பனிக் காரியாலயத்துக்கே சென்றது. பிற்பகல் மூன்று மணியளவில் அங்கு சேர்ந்தது. பாலத்துக்கு எவரும் அதனை அறிவிக்கவில்லை. மாலை ஐந்து மணிக்குப் பின் மக்லூர் அங்கு போய்ச் சேர, அதிகாரிகள் கூடிப் பேசி, காலையில் மீண்டும் ஆலோசிப்போம் எனக் கலைந்தனர். அதே நேரத்தில், ஐந்தரை மணி கடந்த சில நிமிடங்களில், தென்புறப் பாலம் முழுவதும் ஆற்றில் இடிந்து வீழ்ந்தது. வேலை முடியும் தறுவாய். பாலத்தில் 86 பேர் இருந்தனர். 75 பேர் மாண்டனர். கரையோரத்தில் உருக்குக்கிடையே அகப்பட்ட சிலர், அன்றிரவு ஆற்றின் வெள்ளம் ஏற ஏற, காப்பாற்ற வழியின்றி மூழ்கினர்.

மாண்டவருள் 33 பேர் கானவாகே என்னும் ஊரைச் சேர்ந்த மொஹோக் இனத்தவர். உயரத்தில் நின்று உருக்குப் பொருத்தும் தொழிலிலே பெயர்பெற்ற அம்மக்கள், ‘அஞ்சாதவர்கள்’ என்று வெள்ளையரால் வியந்து பேசப்பட்டவர்கள். அச்சமில்லாத இனம் என்ற புகழ்ச்சி, அச்சத்துக்கு இடமில்லாதபடி வேலைத்தலத்தை அமைக்கும் செலவை மிச்சப்படுத்துவதற்கு எவ்வளவு வசதியானது! ஒரு சிற்றூர் ஒரே மாலையில் 33 ஆடவரை இழந்தது. இறந்தோரின் கல்லறைகளில் உருக்குத் தூண்களையே சிலுவைகளாக நாட்டினர். இனிமேல் ஊரின் ஆண்களெல்லாம் ஒரே வேலைத்தலத்துக்குப் போகக்கூடாது என அவ்வூர்ப் பெண்கள் வற்புறுத்தியதாகக் கூறுவர். அரச ஆணைக்குழு தன் அறிக்கையை வெளியிடுமுன்னரே தம் ஊருக்கென ஒரு பாதுகாப்பு விதியை வகுத்த அப்பெண்களின் மதிநுட்பத்தை நாம் வியக்கின்றோம்.

ஆணைக்குழு 1908ஆம் ஆண்டில் அறிக்கை சமர்ப்பித்தது. தண்டுகளின் அமைப்பில் நேர்ந்த பிழைக்குக் கூப்பரையும், பீனிக்ஸ் கம்பனியின் வரைவுப் பொறியியலாளர் ஸ்லப்காவையும் பொறுப்பாளிகளாக்கியது. வேலைத்தலத்தில் போதிய அறிவும் அதிகாரமும் ஒருங்கே வாய்ந்த ஒருவரை நியமிக்காமை பெருந்தவறு என்பதையும் சுட்டியது. அதிகாரம் உடையவர் நியூயோர்க்கில். அறிவு உடையவர் கடிதம் எழுதும் பதவியில். உருக்கு முறுகும் ஓசையைத் தம் காதுகளாற் கேட்கும் தொழிலாளருக்கு இரண்டும் இல்லை என்று கருதப்பட்டது. இப்பாலத்தின் உருக்கிலிருந்து செய்ததே கனடாப் பொறியியலாளர் 1925 முதல் விரலில் அணியும் இரும்பு மோதிரம் என ஒரு கதை வழங்குகிறது. அது கதையே. மோதிரம் உண்மை, உருக்குப் பற்றிய செய்தி உண்மையன்று. 1916ஆம் ஆண்டில் மறுபடி கட்டுகையில் நடுப்பகுதி வீழ்ந்து மேலும் 13 பேர் இறந்ததும் உண்மையே. 1917இற் பாலம் நிறைவெய்தியது. இன்றும் புகைவண்டிகள் அதன்மேற் செல்கின்றன.

அறுபத்து மூன்று ஆண்டுகள் கழித்து, மெல்போர்ன் நகரின் யாரா ஆற்றின்மேல் மேற்கு வாயிற் பாலத்தைக் கட்டியபோது, பொறியியல் அறிவு மிகவும் வளர்ந்திருந்தது. தொழிற்சங்கங்களும் வலுப்பெற்றிருந்தன. 1970 யூன் மாதத்தில் பிரித்தானியாவின் மில்போர்ட் ஹேவனில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த பெட்டி வடிவ உருக்குப் பாலம் வீழ்ந்து நால்வர் இறந்தனர். அதனை வரைந்த நிறுவனமே மெல்போர்ன் பாலத்தையும் வரைந்திருந்தது. செய்தியறிந்த மெல்போர்ன் தொழிலாளர் கவலையடைந்து விளக்கம் கோரினர். அஞ்ச வேண்டியதில்லை என அவர்களுக்கு உறுதி கூறப்பட்டது. 

அங்கே ஒரு பகுதியின் இரு பாதிகளைத் தனித்தனியே பொருத்தி மேலேற்றியபோது, ஒன்று மற்றதைவிட நாலரை அங்குலம் உயர்ந்து நின்றது. உயர்ந்ததைத் தாழ்த்துவதற்கு அதன்மேல் ஒவ்வொன்றும் எட்டுத் தொன் எடையுள்ள கொங்கிறீற்றுக் கட்டிகளை ஏற்றினர். உருக்குத் தகடு புடைத்தது. புடைப்பை நீக்க, பொருத்தியிருந்த போல்ட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கழற்றினர். ஒக்டோபர் 15ஆந் திகதி முற்பகல் 11.50 மணிக்கு, 367 அடி நீளமான அப்பகுதி முழுவதும் வீழ்ந்தது. மேலே நின்றவர்களும், அதன் நேர் கீழே அமைக்கப்பட்டிருந்த குடில்களில் இருந்தவர்களுமாக 35 பேர் இறந்தனர். தொங்கும் இரண்டாயிரம் தொன் பாரத்துக்குக் கீழே இளைப்பாறும் குடிலை அமைப்பது எந்த விதிநூலின் எந்த உரைக்கும் அடங்காது. ஆயினும் அதுவரை எவரும் அதனை அகற்றவில்லை. 1971ஆம் ஆண்டின் அரச ஆணைக்குழு அறிக்கை வரைந்தோர், கட்டியோர், மேற்பார்த்தோர் எனச் சம்பந்தப்பட்டோர் அனைவர்மீதும் குற்றங்கண்டது. தொழிலாளரையும் குறைகூறாமல் விடவில்லை. கியூபெக்கைப் போலவே இங்கும் யார் யாருக்குக் கட்டளையிடலாம் என்பது மயங்கிக் கிடந்தது.

எனினும் ஒரு வேறுபாடு உண்டு. மெல்போர்ன் தொழிலாளருக்குச் சங்கம் இருந்தது. அவர்களும் அவர்களைப் போன்ற பிறரும் பல்லாண்டுகள் போராடியதன் பயனாக, விக்டோரியா மாநிலத்தின் 1985ஆம் ஆண்டுச் சட்டம் வேலையாட்கள் தாமே தேர்ந்தெடுக்கும் பாதுகாப்புப் பிரதிநிதிக்கு இடமளித்தது. உடனடி ஆபத்து இருப்பின், எசமானருடன் பேசிய பின் வேலையை நிறுத்துமாறு பணிக்கும் அதிகாரமும் அவருக்குக் கிடைத்தது. 1837இல் நீதிபதி ஏளனம்போல் வழங்கிய உரிமை ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளின் பின் மெய்யாகவே கைக்கு வந்தது எனலாம். சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1988ஆம் ஆண்டு நிறைவேற்றிய 167ஆம் இலக்கச் சமவாயம் கட்டடத் தொழிலுக்கென்றே அமைந்தது. உடனடியான கடும் ஆபத்து உண்டென நம்புதற்குத் தக்க காரணம் இருக்குமாயின், தொழிலாளி அவ்விடத்தை விட்டு விலகலாம் என அதன் 12ஆம் உறுப்புரை கூறுகிறது.

நமது நாட்டின் நிலை யாது? 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும், 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும் மேலே கூறிய பிரித்தானிய மரபின் வழிவந்தவை. பின்னையது 1937ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டத்தை அடியொற்றியது. பெயரிலே தொழிற்சாலை என்றிருப்பினும், கட்டட வேலைக்கும் அது செல்லும். பொதுச் சாலைக்கென எழுதிய வீட்டுக்குள் கட்டடத் தொழிலாளி பக்கவாசலால் அழைக்கப்பட்டிருக்கிறான். ஆபத்தான நிலை கண்டால் பரிசோதகர் நீதிமன்றத்திடம் முறையிட்டுத் தடையாணை பெறுவதே அந்த 1937ஆம் ஆண்டு அமைப்பின் நெறி. நீதிமன்றம் உண்டு, பரிசோதகர் உண்டு, எசமானர் உண்டு. சாரத்தின்மேல் நிற்பவனுக்கு அவ்வரிசையில் ஆசனம் இல்லை. 

கொந்தராத்துக்குள் உபகொந்தராத்தாகப் பிரித்துக்கொடுத்து நாட்கூலிக்கு ஆள் சேர்க்கும் வேலைத்தலங்களில், தொழிலாளி தன் எசமானர் யார் என்பதையே அறியாதிருத்தல் கூடும். காலையில் லொறியில் ஏற்றி வந்தவரை அறிவான். மாலையில் கூலி எண்ணித் தருபவரை அறிவான். விதிப்பலகையில் கையொப்பமிட்ட கம்பனியை அறியான். அத்தகையவன் ஒருநாள், அகழியின் மண்சுவர் வெடித்திருக்கிறது, இறங்கமாட்டேன் என்று கூறினால் என்ன நிகழும்? அவனை எவரும் தண்டிக்கமாட்டார், சட்டம் அனுமதியாது. மறுநாட் காலையில் லொறி அவனுடைய சந்தியில் நில்லாமற் போகும்.

விக்டோரியாவில் 2004ஆம் ஆண்டு இயற்றிய புதிய சட்டத்தில் இது தொடர்பாக ஓர் ஏற்பாடு காணப்படுகிறது. பிரதிநிதியின் சொற்படி வேலை நின்றபின் பரிசோதகர் வந்து பார்த்து, தொழிலாளர் அஞ்சியதற்கு நியாயமான காரணம் இருந்தது எனத் தீர்மானிப்பாராயின், வேலை நின்ற மணித்தியாலங்களுக்கும் அவர்களுக்குக் கூலி கொடுக்கப்படல் வேண்டும்.